இரண்டு டிக் விழுந்தால் வந்துவிட்டது என்று சொன்னேன்

1. திங்கட்கிழமை காலை

சனிக்கிழமை என் மகள் அம்முவுக்கு ஜுரம் கண்டது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. ஞாயிறு முழுவதும் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈரத்துணி, மருந்து, மறுபடி ஈரத்துணி. வழக்கமாக ஞாயிறு மதியம் அவள் தூங்கும் நேரத்தில் நான் செய்யும் ஒரு வேலையை அன்று செய்யவில்லை. திங்கட்கிழமை காலை ஜுரம் இறங்கியதும் போனை எடுத்தேன். வாட்ஸாப்பில் மேலிருந்து மூன்றாவதாக ஒரு எண். பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் நாற்பத்தேழு என்று இருந்தது.

திறந்தேன். எல்லாம் நோட்டுப் பக்கங்களின் படங்கள். முதல் படத்தின் கீழே எழுதியிருந்தது: "ஒன்பது பி, ரோல் நம்பர் 34. அசைன்மென்ட் 4 லேர்ந்து 14 வரைக்கும் எல்லாம் மறுபடியும் அனுப்பறேன் மிஸ். லேட்டுக்கு சாரி மிஸ்."

அந்த முப்பத்திநான்குக்கு நேராக நான் பதினோரு வாரமாக 'என்.எஸ்.' என்று போட்டு வந்திருந்தேன். நாட் சப்மிட்டட். அந்தப் பெண்ணின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அன்றோடு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு உதவியாக எங்கள் பள்ளியில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஓய்வு பெற்றவள் இல்லை. மைசூரில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். அறிவுரை சொல்லும் அளவுக்கு சர்வீஸ் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்த ஒன்றை மட்டும் எழுதலாம் என்று நினைத்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே இரண்டு மாதம் போய்விட்டது.

2. போனுக்குள் நடந்த பள்ளி

ஊரடங்கு வந்தபோது எனக்கு ஒன்பதாம் வகுப்பில் ஏ, பி என்று இரண்டு செக்‌ஷன். மொத்தம் தொண்ணூற்றிரண்டு பேர். வீடியோ வகுப்பு என்று ஆரம்பித்தோம். தொண்ணூற்றிரண்டில் முப்பது பேர் வந்தால் அதிகம். மீதிப் பேரின் வீட்டில் இருந்த ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பார். அதனால் ஹெச்.எம். ஒரு வழி சொன்னார். வாரம் ஒரு பாடத்தை ஆடியோவாகப் பதிந்து குரூப்பில் போட வேண்டும். வாரம் ஒரு அசைன்மென்ட் தர வேண்டும். பிள்ளைகள் நோட்டில் எழுதி, படம் எடுத்து, என் எண்ணுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அசைன்மென்ட் வந்தால் அந்த வாரம் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்ததாகக் கணக்கு. வராவிட்டால் ஆப்சென்ட். தொடர்ந்து எட்டு வாரம் வராவிட்டால் 'தொடர்பில் இல்லை' என்று கல்வித் துறைக்குப் பட்டியல் போகும், பெயர் எடுக்கப்படும்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. விதி என்று ஒன்று இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். நானும் ஒரு விதி சேர்த்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வர வேண்டும். ஆறு ஐந்துக்கு வந்தால் ஒரு மார்க் குறையும்.

படங்கள் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். தலைகீழாக வரும். பாதிப் பக்கத்தில் கை நிழல் விழுந்திருக்கும். ஒருவன் நோட்டுக்குப் பதிலாகத் தூங்கும் நாயின் படத்தை அனுப்பிவிட்டு, "மிஸ், நாய் நோட்டு மேல படுத்துருக்கு, எந்திரிச்சதும் அனுப்பறேன்" என்றான். தேவராஜ மொஹல்லாவில் வாழைப்பழக் கடை வைத்திருந்த ஒரு அப்பா போன் செய்தார்.

"மேடம், பத்துக்கு ஒம்பதரைதான் போட்டிருக்கீங்க. அரை மார்க் எங்க போச்சு?"

"படத்துல பாகங்களோட பேர் எழுதலங்க. உங்க பையன்கிட்டயே கேளுங்க, அவனுக்குத் தெரியும்."

"அவன எதுக்கு மேடம் கேக்கறது? ரெண்டு நாளா கடைல உக்காந்து எழுதினது நானு!"

அன்று சிரித்தேன். அந்த வருடத்தில் சிரித்ததாக நினைவிருப்பது அது ஒன்றுதான்.

எல்லாவற்றையும் விட ஒரு கேள்விதான் என்னைத் துரத்தியது. "மிஸ், வந்துச்சா?" ஒரு நாளைக்கு எழுபது எண்பது முறை. அம்முவுக்குச் சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, பால் பொங்கும்போது. "மிஸ், பந்தா?" என்று கன்னடத்தில் பாதிப் பேர். பொறுக்க முடியாமல் ஒரு நாள் குரூப்பில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் பேசி ஆடியோ போட்டேன். அதில் சொன்னது இது:

"அனுப்பினதுக்கு அப்புறம் ரெண்டு டிக் விழுந்துச்சுன்னா எனக்கு வந்துருச்சுன்னு அர்த்தம். டிக் நீலமானா நான் திருத்த எடுத்துட்டேன்னு அர்த்தம். அதுக்கு மேல யாரும் போன் பண்ணாதீங்க."

போன்கள் குறைந்தன. நல்ல ஏற்பாடு செய்துவிட்டதாக நினைத்தேன். வேறு பாட ஆசிரியர்களும் அந்த ஆடியோவை வாங்கித் தங்கள் குரூப்பில் போட்டார்கள்.

3. ஞாயிறு மதியம் செய்த வேலை

என் போன் பழையது. தொண்ணூற்றிரண்டு பேர், ஆளுக்கு நான்கு படம் என்று வாரம் வந்தால் அது என்ன செய்யும்? வியாழக்கிழமையே 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வரும். ஆடியோ பதியும்போது நடுவில் நின்றுபோகும். அம்முவின் முதல் பல், முதல் அடி என்று எடுத்த படங்களில் பாதியை அழித்தேன். அதுவும் போதவில்லை.

பிறகு ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். வெள்ளி மாலை, சனி இரண்டு நாளும் உட்கார்ந்து திருத்துவது. மார்க்கை எக்ஸெல் ஷீட்டில் ரோல் நம்பருக்கு நேராக ஏற்றுவது. ஞாயிறு மதியம் அம்மு தூங்கியதும் 'கிளியர் ஆல் சாட்ஸ்'. ஒரே அழுத்தில் எல்லாம் போய்விடும். திங்கட்கிழமை காலை போன் புதிதுபோல் ஓடும்.

அழுத்துவதற்கு முன்னால் திறக்காத செய்தி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பார்க்கத் தேவை என்றும் தோன்றவில்லை. வெள்ளி ஆறு மணிதான் கெடு. சனி முழுவதும் தாமதமாக வந்தவற்றையும் சேர்த்தே திருத்தியிருப்பேன். ஞாயிறன்று வருவதெல்லாம் காலை வணக்கப் படங்களும் பூக்களும்தான் என்று நினைத்திருந்தேன்.

ரோல் நம்பர் முப்பத்திநான்கின் பெயர் கோகிலா. அவள் அப்பா கட்டட வேலைக்காக மைசூர் வந்தவர். ரிங் ரோடு பக்கம் ஒரு கட்டடத்திலேயே ஷெட் போட்டு இருந்தார்கள். முதல் மூன்று அசைன்மென்ட் அங்கிருந்து ஒழுங்காக வந்தது. பிறகு வேலை நின்றது. தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே இருக்கும் சொந்த ஊரான மார்டள்ளிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வீடு ஊருக்கு வெளியே காட்டோரம். அங்கே சிக்னல் கிடையாது. அவள் அப்பா காய்கறி டெம்போவில் லோடு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த டெம்போ மாநில எல்லையில் இருக்கும் பாலாறு செக்போஸ்ட் வரை போகும். அங்கே தமிழ்நாட்டு வண்டிக்கு மூட்டைகளை மாற்றுவார்கள். செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு இடத்தில் சிக்னல் எடுக்கும். மகள் வாரம் முழுவதும் எழுதிப் படம் எடுத்து வைத்ததை அவர் அங்கே நின்று அனுப்புவார். அந்த வாரத்து ஆடியோவை இறக்கிக்கொண்டு வருவார்.

அவர் அனுப்பும் நேரம் ஞாயிறு பன்னிரண்டு, பன்னிரண்டரை. நான் அழிக்கும் நேரம் இரண்டு மணி.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

4. அவர் ஒரு முறை போன் செய்தார்

ஒரு ஞாயிறு மதியம், தெரியாத எண். அம்மு தட்டைக் கவிழ்த்திருந்தாள். தரையெல்லாம் ரசம் சாதம். ஒரு கையால் துடைத்துக்கொண்டே எடுத்தேன்.

"டீச்சருங்களா? நான் கோகிலா அப்பனுங்க. போன் பண்ண வேண்டாம்னு பாப்பா சொல்லுச்சுங்க. நாந்தான் மனசு கேக்காம பண்றனுங்க. பாப்பா எழுதினது வந்துச்சுங்களா?"

"ரெண்டு டிக் விழுந்திருக்கா பாருங்க."

"இருங்க... ஆமாங்க, ரெண்டு இருக்குதுங்க."

"அப்ப வந்துருச்சு. பார்க்கறேன்."

"இல்லீங்க, லிஸ்ட்டுல பாப்பா நம்பரு வருதாமா. லேட்டா அனுப்பறதாலதான் போடறாங்கன்னு அது சொல்லுது. அது சரிங்களா?"

அவர் சொன்ன லிஸ்ட், அசைன்மென்ட் அனுப்பாதவர்களின் ரோல் நம்பர்களை வாரா வாரம் குரூப்பில் நான் போடுவது. அப்போது அம்மு அழ ஆரம்பித்தாள். "பார்த்துச் சொல்றேங்க" என்று வைத்துவிட்டேன்.

பெயரைக் கேட்டேன், ரோல் நம்பரைக் கேட்கவில்லை. என் ஷீட்டில் இருந்தது நம்பர் மட்டும். அம்மு தூங்கியதும் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவள் தூங்கியதும் 'கிளியர் ஆல் சாட்ஸ்' அழுத்தினேன். இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் என் விரல் ஏன் முதலில் அங்கே போனது என்று தெரியவில்லை. பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். பழக்கம் என்று சொன்னால் என் தப்பைக் குறைத்துக்கொள்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

5. கையெழுத்து

பட்டியல் கேட்டு ஹெச்.எம். கூப்பிட்டார். அவர் பேசுவது கன்னடம். நான் தமிழில் எழுதுகிறேன்.

என் இரண்டு செக்‌ஷனிலும் சேர்த்துப் பதினோரு பேர். ஒவ்வொருவருக்கும் மூன்று முறை போன் செய்தேன். கோகிலாவின் எண் மூன்று முறையும் 'நாட் ரீச்சபிள்'. பதிவேட்டில் அவள் பெயரைப் பார்த்தபோது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அவளோடு படித்த ஒருத்தியிடம் விசாரித்தேன்.

"அவ ஊருக்குப் போய்ட்டா மிஸ். அவங்க இனிமே மைசூருக்கு வரமாட்டாங்களாம். ஷெட்டையே பிரிச்சுட்டாங்க."

இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா என்று ஹெச்.எம்.மிடம் கேட்டேன்.

"பாரும்மா நளினி, எட்டு வாரம்னு நாமதான் வெச்சோம். உனக்கு ஒன்பது, இன்னொருத்தருக்குப் பத்துன்னு வெச்சா அப்புறம் விதி எதுக்கு? போன் போட்டியா?"

"போட்டேன் மேடம்."

"எடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப உன் கடமை முடிஞ்சுது. சைன் பண்ணு."

போட்டேன். கடமை முடிந்தது என்று ஒருவர் சொன்னால் எனக்கு எப்போதும் ஒரு நிம்மதி வரும். அன்றும் வந்தது.

6. மூன்று நாள்

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். நாற்பத்தேழு படங்களையும் பார்த்த உடனே ஹெச்.எம்.முக்குப் போன் செய்தேன்.

"என்னம்மா இது! லிஸ்ட் ஆன்லைன்ல ஏறிப் போச்சு. திருத்தறதுக்குப் புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் திறந்திருக்கும். லெட்டர் கொண்டுவா, காரணத்தோட. பார்த்து எழுது. ஒரு பொண்ணு விஷயத்துல தப்புன்னு நீயே எழுதினா, மத்த பத்துப் பேர் என்னன்னு கேப்பாங்க."

அவர் என்னைத் தடுக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கொண்டுவா என்றுதான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. மற்ற பத்துப் பேர்?

திங்கள் மதியத்திலிருந்து அந்தப் பத்து எண்களுக்கும் மறுபடி போன் செய்தேன். நான்கு பேர்தான் எடுத்தார்கள். இரண்டு பேர் பிள்ளையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு அம்மா, "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டு வைத்துவிட்டார். இன்னொரு வீட்டில், "நாங்க அப்பப்ப அனுப்பிட்டுத்தான் மேடம் இருந்தோம். நீங்கதான் ஒண்ணும் சொல்லல" என்றார்கள். எந்த நாளில் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். ஞாயிறுதான் அப்பா வீட்டில் இருப்பார் என்றார்கள். அந்தப் பையனை அதற்குள் வேறு பள்ளியில் சேர்த்திருந்தார்கள். மீதி ஆறு பேர் எடுக்கவே இல்லை. அந்த ஆறு பேர் அனுப்பினார்களா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நான்தான் அழித்துவிட்டேனே.

செவ்வாய்க்கிழமை கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஆரம்பித்தேன். என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து படித்தார்.

"தொழில்நுட்பக் காரணம்னா என்ன? போன் தானா அழிச்சுக்கிச்சா?"

"அப்படி இல்ல..."

"நீதான அழிச்ச? அத எழுது."

"வேலைக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆனா பாத்துக்கலாம். அந்தப் பொண்ணு பேரு போனா என்ன பண்ணுவ?"

அவர் சொன்னது சரி என்று தெரியும். ஆனாலும் அதை எழுதுவதற்கு எனக்கு இன்னொரு நாள் ஆனது. 'அழித்துவிட்டேன்' என்று எழுதி, 'அழிந்துவிட்டது' என்று மாற்றி, மறுபடி பழையபடி எழுதினேன். மற்ற பத்துப் பேரைக் குறிப்பிடுவதா வேண்டாமா என்று ஐந்து முறை எழுதி அடித்தேன். புதன் மதியம் அம்முவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது மூன்று வரி மறுபடி சரியில்லை என்று தோன்றியது. உட்கார்ந்து மாற்றினேன்.

நான் பள்ளிக்குள் நுழைந்தபோது ஐந்து இருபது. ஹெச்.எம். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். திருத்துவதற்கான பட்டன் சாம்பல் நிறமாகியிருந்தது. நான்கு மணியிலிருந்து அதைத் திறந்து வைத்துக் காத்திருந்ததாகச் சொன்னார். எனக்கு நான்கு முறை போன் செய்திருக்கிறார். கடிதம் எழுதும்போது தொந்தரவாக இருக்கும் என்று நான் போனைச் சைலன்ட்டில் போட்டிருந்தேன்.

"இனி அடுத்த வருஷம் புது அட்மிஷன்தான்மா. மறுபடி ஒன்பதாவது. அதுவும் அவங்க வந்தா." கடிதத்தை வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் குரல் தணிந்தது. "நல்லாத்தான் எழுதியிருக்கே. இது திங்கட்கிழமையே வந்திருக்கணும்."

7. மார்டள்ளி

கோகிலாவுக்கு நான் எதுவும் எழுதவில்லை. என்ன எழுதுவது? அடுத்த ஞாயிறு பன்னிரண்டரைக்கு அவள் அப்பாவின் போனிலிருந்து மூன்று செய்தி வந்தது. "எல்லாம் ப்ளூ ஆயிடுச்சுங்க டீச்சர்." "ரொம்ப நன்றிங்க." மூன்றாவது, அசைன்மென்ட் 15.

பெயர் போனதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான். செக்போஸ்ட்டில் மூட்டைகளுக்கு நடுவே நிற்கும் ஒரு மனிதரிடம் அதைப் போனில் சொல்லி, அவர் வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பஸ் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்முவைக் கணவரிடம் விட்டுவிட்டுக் கொள்ளேகால் போய் அங்கிருந்து வண்டி மாறி மார்டள்ளி போனேன். வழி முழுவதும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

சோளக்காட்டை ஒட்டி ஓட்டு வீடு. கோகிலாவின் அம்மா வாசலில் சோளக்கதிர் உதிர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"ஐயோ, டீச்சருங்களா! ஏ கோகிலா, உங்க மிஸ்ஸு வந்துருக்காங்க பாரு. உள்ள வாங்க. அவரு பாலாத்துக்குப் போயிருக்காருங்க, லோடு."

கோகிலா ஓடி வந்தாள். நேரில் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. உயரமாகிவிட்டாள். "மிஸ், நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள்.

ஒவ்வொரு அசைன்மென்ட்டின் மேல் ஓரத்திலும் பென்சிலில் இரண்டு டிக் சின்னதாகப் போட்டிருந்தாள். அப்பா வந்து, ரெண்டு விழுந்திருச்சு என்று சொன்னதும் போடுவாளாம். முதல் மூன்றில் மட்டும் அதன் மேல் பழைய நீல மை. நான்கிலிருந்து வெறும் பென்சில்தான் இருந்ததாம். இரண்டு ஞாயிறுக்கு முன்னால், ஒரே நாளில் பதினொன்றுக்கும் நீலம் அடித்திருக்கிறாள். மை இன்னும் பளிச்சென்று இருந்தது.

"பேனாவே தீந்து போச்சு மிஸ்" என்று சிரித்தாள். "மார்க் மட்டும் இன்னும் போடல நீங்க."

சொன்னேன். ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. நீ அனுப்பினது எல்லாம் வந்தது, நான் பார்க்காமல் அழித்துவிட்டேன், நீ அனுப்பவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், உன் பெயர் பதிவேட்டில் இல்லை, திருத்தப் போனேன், நேரம் கடந்துவிட்டது. இவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "பேரு இல்லீன்னா? பத்தாவதுக்குப் போவாளில்லைங்க?"

"இந்த வருஷம் முடியாதுங்க. அடுத்த வருஷம் மறுபடி ஒன்பதாவதுல சேரலாம். நான் சேர்த்து விடறேன்."

"அடுத்த வருசமுங்களா." கதிரைக் கையில் வைத்தபடி காட்டைப் பார்த்தார். "ஒரு வருசம் வீட்டுல நின்னுட்டா அவிங்கப்பாவ ஒண்ணுஞ் சொல்ல முடியாதுங்க டீச்சர். இப்பவே இவ சித்தப்பன் திருப்பூர் கம்பெனிக்குக் கூப்புட்டுட்டு இருக்காப்ல. படிக்கறா, படிக்கறான்னு நாந்தான் நிறுத்தி வெச்சிருக்கறன்."

கோகிலா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும். அவள் கேட்டது: "லேட்டா அனுப்பினதாலயா மிஸ்?"

"இல்லடா. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

"வெள்ளிக்கெழம ஆறு மணிக்குள்ள எழுதி முடிச்சிருவேன் மிஸ். பக்கத்துல டைம் போட்டிருக்கேன், பாருங்க."

எல்லாப் பக்கத்திலும் இருந்தது. வெள்ளி 4.30. வெள்ளி 5.10. வெள்ளி 3.45.

நோட்டை என் பக்கம் தள்ளினாள். "மார்க் போட்டுக் குடுங்க மிஸ். இவ்ளோ தூரம் வந்துட்டீங்க."

பையில் சிவப்புப் பேனா இருந்தது. தின்பண்டம் எதுவும் வாங்கி வரத் தோன்றாத எனக்கு அதை எடுத்து வைக்கத் தோன்றியிருக்கிறது. வாசலில் உட்கார்ந்து திருத்தினேன். ஒன்பதாவது அசைன்மென்ட்டில் கை நின்றது.

ஒலியின் வேகத்தை எதிரொலி வைத்துக் கண்டுபிடிக்கும் பாடம். பெரிய சுவர் இருந்தால் கைதட்டிப் பாருங்கள், ஒரு தட்டின் எதிரொலியும் அடுத்த தட்டும் ஒன்றாகச் சேரும்படி தட்டுங்கள் என்று ஆடியோவில் சொல்லியிருந்தேன். மைசூரில் இருந்த பிள்ளைகள் யாரும் தட்டவில்லை. புத்தகத்தில் இருக்கும் எண்ணை எழுதி அனுப்பினார்கள். நானும் பத்துக்குப் பத்துப் போட்டேன். கோகிலா, கைவிட்ட கல் குவாரியின் பாறைக்கு எதிரே நின்று தட்டியிருக்கிறாள். அப்பாவின் ஐந்து மீட்டர் டேப்பால் பதினான்கு முறை அளந்திருக்கிறாள். எழுபது மீட்டர். போய்த் திரும்பும் தூரம் நூற்று நாற்பது. இருபது தட்டுக்கு ஏழு புள்ளி எட்டு நொடி. விடை, நொடிக்கு முந்நூற்று ஐம்பத்தொன்பது மீட்டர்.

"இருபது தட்டுனியா?"

"ஆமா மிஸ். மொத தட்டுல ஸ்டாப் வாட்ச்ச அமுக்கிட்டு இருபதாவதுல நிறுத்தினேன். தம்பிதான் அமுக்கினான்."

"மொத தட்டு பூஜ்யம். அதுக்கு அப்புறம்தான் ஒண்ணு. இருபது தட்டுக்கு நடுவுல இடைவெளி எத்தன?"

விரல் விட்டு எண்ணினாள். "பத்தொம்போது!" நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ஏழு புள்ளி எட்டைப் பத்தொன்பதால் வகுத்தாள், நூற்று நாற்பதை அதனால் வகுத்தாள். உதட்டை மடித்துக்கொண்டு கணக்குப் போட்டாள். சோளம் உதிர்ப்பதை நிறுத்திவிட்டு அவள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணுநூத்தி நாப்பத்தொண்ணு மிஸ்! வந்துருச்சு! புக்குல இருக்கறதுகிட்டயே வந்துருச்சு!"

ஒரே ஒரு வரி. அந்த அசைன்மென்ட் வந்த வாரமே திறந்து பார்த்திருந்தால் நான் எழுதியிருக்க வேண்டியது அந்த ஒரு வரிதான்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். சிரிப்பு போயிருந்தது. இருந்தாலும் கேட்டாள்: "மிஸ், திருத்தின கணக்க நல்லா எழுதி, அடுத்த ஞாயித்துக்கெழம அப்பாகிட்ட குடுத்து அனுப்பட்டுங்களா?"

"அனுப்பு" என்றேன்.

8. கற்றுக்கொண்டது

புதிய ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். வந்ததைத் திறந்து பார்க்காமல் அழிக்காதீர்கள். நம்பருக்குப் பக்கத்தில் பெயரையும் எழுதி வையுங்கள். ஒரு பிள்ளையின் வேலை கைக்கு வரவில்லை என்றால், அது அனுப்பவில்லை என்று எழுதுவதற்கு முன்னால், உங்கள் பக்கம் ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தப்பு தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். நன்றாக எழுதிக் கொண்டுபோக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த கல்வியாண்டு தொடங்கியபோது கோகிலா அப்பாவின் எண்ணுக்குப் போன் செய்தேன். ஞாயிறு பன்னிரண்டரைக்குத்தான் செய்தேன். "பாப்பா திருப்பூர் போயிருச்சுங்க டீச்சர். நல்லா இருக்குதுங்க. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார்.

நான் மார்டள்ளி போய் வந்த அடுத்த ஞாயிறே அவள் சொன்னபடி அது வந்திருந்தது. உடனே திறந்தேன். கோடு போட்டு, புதிதாக எழுதி, கடைசியில் 341 என்று கட்டம் கட்டியிருந்தாள். பக்க ஓரத்தில் நேரமும் இருந்தது: வெள்ளி 4.15. பத்துக்குப் பத்து என்று அனுப்பிவிட்டு ஏற்றுவதற்கு, அலுவலகத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஷீட்டைத் திறந்தேன். முப்பத்திமூன்றுக்கு அடுத்த வரி முப்பத்தைந்தாக இருந்தது.